காதுகுத்துக்கு வராத தாய்மாமன்

வாசகர் கேள்வி: தோல் மருத்துவரின் பதில்

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். பதினைந்து வயதில் நெற்றியில் தொடங்கிய பரு, இப்போது இரு கன்னங்களிலும் தாடையிலும் சீழ்க்கட்டிகளாகத் திரண்டு, முதுகுக்கும் நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது. கட்டி உடைந்த இடங்களில் குழி விழுகிறது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் ஒன்றை எட்டு மாதமாகப் பூசுகிறான். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. பூசாமல் விட்டால் எரிகிறது. மதுரையில் ஒரு தோல் மருத்துவர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அது ஈரலைக் கெடுத்துவிடும், பின்னால் பிள்ளை பிறக்காது" என்று உறவினர் ஒருவர் சொன்னதால், வாங்கிய மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது. "எனக்கும் இந்த வயதில் இப்படித்தான் வந்தது, தானாகப் போய்விட்டது. ஆண்பிள்ளைக்கு முகத்தைப் பற்றி என்ன கவலை?" என்கிறார் கணவர். அவர் கன்னத்திலும் குழிகள் உண்டு என்று அந்தத் தாயே எழுதியிருக்கிறார். அழகு நிலையம் ஒன்று 35,000 ரூபாய்க்கு லேசர் வைத்துக் குழிகளை நிரப்பித் தருவதாகச் சொல்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

பையன் பள்ளிக்கு முகக்கவசம் இல்லாமல் போவதில்லை. கடந்த மாதத்தில் ஒன்பது நாள் போகவே இல்லை. அக்காள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் அவன்தான். வீடியோ எடுக்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டான். கடைசியில் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். கடிதம் முடியும் இடத்தில் இரண்டு வரி: "இந்த மூஞ்சியோடு எதற்கு இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். கோபத்தில் சொல்கிறான் என்று நினைக்கிறேன்."

அன்புள்ள அம்மா,

மாத்திரை கொடுக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, என்ன சாப்பாடு கொடுப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால், கேள்வியாகக் கேட்காமல் கடைசியில் எழுதி முடித்தீர்களே, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த இரண்டு வரி

கோபத்தில் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. கடுமையான முகப்பரு உள்ள பிள்ளைகளிடம் மனச்சோர்வும் சாவைப் பற்றிய எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்டது. உங்கள் மகன் பள்ளியைக் குறைத்திருக்கிறான், நல்ல காரியத்துக்கு வரவில்லை, இருந்து என்ன பயன் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறான். தாய்மாமன் என்ற பெருமையையே விட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்த பிள்ளையின் மனம் எவ்வளவு கனத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்று இரவே, வேறு யாரும் இல்லாத நேரத்தில், நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை; உள்ளே இருப்பதை வெளியே சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். "நீ நன்றாகத்தான் இருக்கிறாய்" என்று மட்டும் தேற்றாதீர்கள். தினமும் கண்ணாடி பார்க்கிறவனிடம் அது எடுபடாது. "உனக்கு இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை" என்று சொல்லுங்கள்; பிறகு அவன் பேசட்டும்.

தோட்டம் வைத்திருக்கிறீர்கள். வீட்டிலோ மோட்டார் அறையிலோ பூச்சிமருந்து இருந்தால் இன்றே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளையும் அப்படியே எடுத்து வையுங்கள். இதை மகன்மேல் சந்தேகப்படுவதாக நினைக்காதீர்கள். இந்த வயதில் பல முடிவுகள் சில நிமிட வேகத்தில் எடுக்கப்படுகின்றன. அந்தச் சில நிமிடத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம். எப்படிச் செய்துகொள்வது என்றுகூட யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால், அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவும் மனநலப் பிரிவும் இரண்டுமே இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று கணவர் கேட்டால், தோல் டாக்டரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டே வாருங்கள், அதுவும் உண்மைதானே.

பருவும் குழியும்

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. பெரும்பாலானோருக்கு இருபது வயதைத் தாண்டியதும் பரு அடங்கிவிடும். அவருக்கும் அடங்கிவிட்டது. ஆனால் அவர் கன்னத்தில் இன்றும் இருப்பவை எவை? போனது பரு, அது தோண்டிவிட்டுப் போன குழிகள் அப்படியே இருக்கின்றன. தகப்பனுக்குக் கடுமையாக வந்து தழும்பு விழுந்திருந்தால், பிள்ளைக்கும் அப்படி வர வாய்ப்பு அதிகம். ஆகவே "எனக்கும் வந்தது" என்பது காத்திருப்பதற்கான காரணமாகாது. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கச் சொல்லும் காரணம் அதுவே.

தோலுக்கு அடியில், ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வயதுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. எண்ணெய் அதிகம் சுரக்கிறது, துளையின் வாய் அடைகிறது, அங்கே எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. அடைத்த பை தோலுக்குள்ளேயே வெடித்தால், உடல் அதை எதிர்த்துப் போராடும். அந்தப் போராட்டத்தில் தோலைத் தாங்கும் கொலாஜன் நார்களும் அழிகின்றன. மேல்தோல் உள்வாங்குவது அதனால்தான். இத்தனையும் உள்ளே நடப்பதால், எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் இது போகாது. உங்கள் பிள்ளை அழுக்காக இருந்ததால் வந்ததும் அல்ல. இதை அவன் காதுபட ஒருமுறை சொல்லுங்கள்; யாரோ அப்படிச் சொல்லி அவனைக் கேலி செய்திருப்பார்கள் என்று என் அனுபவம் சொல்கிறது.

முகத்தில் கறுப்பாக இருப்பவை எல்லாம் குழி அல்ல. விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்படாமல் நிறம் மட்டும் இருந்தால், அது பரு ஆறிய கறை. புதிய பரு வராமல் இருந்து, வெயிலிலிருந்தும் காத்துக்கொண்டால், சில மாதங்களில் பெரும்பாலும் தானாக மங்கும். நம் ஊர்த் தோல்நிறத்தில் இந்தக் கறைதான் பலரையும் அதிகம் பயமுறுத்துகிறது. இவனுக்கும் பாதிக்குமேல் கறையாக இருக்க வாய்ப்பு உண்டு. நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த க்ரீம்

முதல் மாதம் பளபளப்பு, பிறகு முன்பைவிட அதிகப் பரு, நிறுத்தினால் எரிச்சல், சிவப்பு. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இவை சில தோல் நோய்களுக்கு நல்ல மருந்துகள். பருவுக்குப் போட்டால் வீக்கத்தைச் சில நாள் அமுக்கிவிட்டு, தோலை மெலிதாக்கி, தாங்களே புதுப் பருவை உண்டாக்குகின்றன. 2018இல் மத்திய அரசு இந்த வகைக் க்ரீம்கள் 14ஐ மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் "முகம் வெளுக்க" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீங்கள் நம்பி வாங்கினீர்கள். உங்கள்மேல் பிழை இல்லை.

நிறுத்தியதும் சில வாரங்கள் முகம் இன்னும் சிவக்கும், பரு கூடும். அந்த நாட்களில்தான் பலரும் பயந்து போய் மறுபடி அதையே தேய்க்கிறார்கள். ட்யூபைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். எட்டு மாதம் பூசியதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை என்றால் இப்போது கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரையைப் பற்றி உறவினர் சொன்னது

ஐசோட்ரெட்டினாயின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நாற்பது ஆண்டுக்கு மேல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குவதால், குழி விழும் வகைப் பருவுக்கு இதைவிட வலுவான மருந்து எங்களிடம் இல்லை. உங்கள் மருத்துவர் இதை எழுதியதில் வியப்பில்லை.

பிள்ளை பிறக்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கருவுற்ற பெண் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் வரக்கூடும். அதனால் பெண்கள் இதைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. பெண்பிள்ளைக்கு இந்த மருந்து எழுதப்பட்ட தாய்மார்கள் இதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேசியே ஆக வேண்டும். மகளுக்கு மாதவிலக்கும் தவறி வந்தால் அதையும் சொல்லுங்கள். பருவுக்குக் காரணம் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். உறவினர் காதில் விழுந்த எச்சரிக்கை, வாய் மாறி வாய் மாறி ஆண்பிள்ளைக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்களின் குழந்தைப் பேற்றை இந்த மாத்திரை கெடுப்பதாகத் தெரியவில்லை.

ஈரலைப் பற்றிய பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. சிலருக்கு ஈரல் நொதிகளும் ரத்தக் கொழுப்பும் உயரும். அதற்காகத்தான் தொடங்கும் முன்பும், தொடங்கி ஓரிரு மாதத்திலும் ரத்தப் பரிசோதனை. உயர்ந்தால் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மது அறவே கூடாது. வைட்டமின் ஏ மாத்திரையும், டாக்ஸிசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கும் இதோடு சேரக் கூடாது. உதடு வறண்டு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். மூக்கு வறண்டு ரத்தம் கசியலாம், கண் உறுத்தலாம், கபடி ஆடினால் உடம்பு வலிக்கலாம், சிலருக்கு இரவில் பார்வை மங்கலாம். ஆகவே இருட்டியபின் வண்டி ஓட்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். மருந்து நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானம் செய்யக் கூடாது. பார்வைக் கோளாறோடு கடும் தலைவலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மனநிலை. இந்த மாத்திரையால் மனச்சோர்வு வருமா என்று பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை; முகம் தெளியத் தெளியப் பலருக்கு மனமும் தெளிகிறது. ஆனால் ஒரு சிலருக்கு மாறுதல் வரலாம் என்பதால், பிரிட்டனில் 2023இல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைத் தொடங்க மருந்து எழுதும் இரண்டு பேர் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். உங்கள் மகன் ஏற்கெனவே அப்படிப் பேசியிருக்கிறான். எனவே அலமாரியிலிருந்து எடுத்து நாளைக் காலையிலேயே கொடுத்துவிடாதீர்கள். அவன் சொன்னதைத் தோல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மனநல மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். அதனாலேயே மருந்து மறுக்கப்படும் என்று பயப்பட வேண்டாம். தொடங்கினால் மாதம் ஒருமுறை முகத்தோடு மனத்தையும் விசாரிப்போம், அவ்வளவுதான்.

பொறுமையும் வேண்டும். முதல் மாதம் பரு கொஞ்சம் கூடலாம். ஸ்டீராய்டு பூசிய முகம் என்பதால் மருத்துவர் குறைந்த அளவிலேயே தொடங்கக்கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தம் உள்ளே போக வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. 52 கிலோ பையனுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்றால் பத்து முதல் பதின்மூன்று மாதம் ஆகும். 40 என்றால் ஐந்து முதல் ஆறரை மாதம். ஆறாம் வாரத்தில் "இன்னும் போகவில்லையே" என்று நிறுத்திவிட்டு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

நகையை அடகு வைக்க வேண்டாம்

இப்போது வேண்டாம். கட்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இன்று ஒரு குழியைச் சரிசெய்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று விழும். சீழோடு இருக்கும் முகத்தில், அதுவும் நம் நிறத் தோலில், பழக்கமில்லாத கை லேசர் வைத்தால் கறுப்பு இன்னும் அப்பிக்கொள்ளும். குழிகளை "நிரப்பி" முற்றாக இல்லாமல் செய்து தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேடு பள்ளம் குறையும், வெளிச்சத்தில் தெரிவது குறையும். நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் அல்ல.

பரு அடங்கிய பிறகு, குழியின் வகையைப் பார்த்து முறை மாறும். ஊசியால் குத்தியது போன்ற ஆழக் குழிக்கு டி.சி.ஏ. என்ற அமிலத்தைத் துளிப்புள்ளியாக வைப்போம். அலைபோல் உள்வாங்கிய இடத்தில், ஊசியை உள்ளே விட்டு, தோலைக் கீழே பிடித்து இழுக்கும் நார்களை அறுத்துவிடுவோம். அகலக் குழிகளுக்கு, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோ நீடிலிங் அல்லது புள்ளி புள்ளியாக ஒளி பாய்ச்சும் ஃப்ராக்‌ஷனல் லேசர். மாதத்துக்கு ஒன்றாகப் பல முறை வர வேண்டியிருக்கும். இதையெல்லாம் தோல் மருத்துவம் படித்தவர் செய்ய வேண்டும். மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவு, அந்த 35,000இல் ஒரு சிறு பங்குதான். பெரிய ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை.

வீட்டில்

உடம்புச் சூடு என்று சொல்லி முட்டை, மீன், கருவாடு, கத்தரிக்காய், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வளர்கிற பிள்ளை, பாவம். எல்லாவற்றையும் திரும்பக் கொடுங்கள். பருவோடு தொடர்பு இருப்பதாகக் கொஞ்சமாவது சான்று உள்ளவை வேறு: சர்க்கரை, மைதா போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகள், சிலருக்குப் பால், ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன் பொடி. தினமும் பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் என்றால் குறைக்கலாம்; திருவிழாவுக்குப் போனால் ஒரு டம்ளர் குடிக்கட்டும். உணவை மட்டும் மாற்றி இந்த அளவுப் பருவைக் குணப்படுத்த முடியாது. இன்னொன்று: ஐசோட்ரெட்டினாயின் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போக வேண்டும். எண்ணெயே இல்லாத அந்தப் பத்தியச் சோறு மருந்துக்கும் ஆகாது.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, கரடுமுரடான பொடிகள் எதுவும் முகத்தில் வேண்டாம். மென்மையான சோப்பால் தினம் இரண்டு முறை கழுவினால் போதும். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்ளட்டும். உதட்டுக்கு வாசலின், வெளியே போகும்போது சன்ஸ்கிரீன். பருவைக் கிள்ளாதே என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வதைவிட, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளச் சொல்வது பயன் தரும். திடீரென்று காய்ச்சல், மூட்டுவலியோடு கட்டிகள் உடைந்து புண்ணானால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். அரிதாக, இந்த வயது ஆண்பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கடும் வகை வருவதுண்டு.

பள்ளியில் வகுப்பாசிரியரை நீங்கள் தனியே பாருங்கள். சிகிச்சை நடக்கிறது என்று மருத்துவச் சான்று நாங்கள் தருவோம். வராத நாட்களுக்கும் அது உதவும். கேலி செய்கிறவர்கள் யார் என்று அவனிடம் கேட்டுவிட்டு, அவனுக்குச் சம்மதம் இருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுங்கள்.

மாத்திரை சாப்பிடுவதா வேண்டாமா என்று உறவினர், கணவர், நீங்கள், நான் என எல்லோரும் பேசிவிட்டோம். உங்கள் நீண்ட கடிதத்தில் அவன் என்ன விரும்புகிறான் என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. படிவத்தில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கலாம், முகம் அவனுடையது. என்னிடம் வரும் பையன்களைப் பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பத்து நிமிடமாவது தனியே பேச விடுவேன். நீங்கள் பார்க்கும் மருத்துவரிடமும் அப்படிக் கேளுங்கள்.

கணவரிடம் ஒரே ஓர் உதவி கேட்கிறேன். மகனைத் திட்ட வேண்டாம், தேற்றவும் வேண்டாம். தன் பதினேழாவது வயதில் இந்த முகத்தோடு பள்ளிக்கூடத்துக்கோ, கல்யாண வீட்டுக்கோ போனபோது எப்படி இருந்தது என்று அவனிடம் சொல்லட்டும். அதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வரும் திங்கட்கிழமை அவரே அழைத்து வரட்டும். அரப்பாளையத்தில் இறங்கி கோரிப்பாளையம் பஸ் பிடித்தால் போதும். வெளிநோயாளிப் பிரிவு காலையில்தான், சீக்கிரம் கிளம்புங்கள். அந்த ட்யூபும், மாத்திரை அட்டையும், பழைய சீட்டும் பையில் இருக்கட்டும். முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். போட்டுக்கொண்டே வரட்டும்; டாக்டர் அறைக்குள் வந்தபின் அவனே கழற்றிக்கொள்வான்.